மூடுபனியைக் கடக்கும் ரேடியோ அலை, லாரியைக் கடக்குமா?

புதுதில்லி: குளிர்காலம் தொடங்கிவிட்டால் தலைநகருக்கு வருவோரும் தலைநகரிலிருந்து புறப்படுவோரும் அஞ்சுகிற நேரம் அதிகாலை. 2017 நவம்பர் 8-ஆம் தேதி நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் யமுனை விரைவுச் சாலையில், புகை கலந்த மூடுபனியில் வாகனங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மோதிக் குவிந்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் கண்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2025 டிசம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில், அதே சாலையில் மதுரா அருகே பேருந்துகளும் கார்களும் மோதித் தீப்பற்றின. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இரு விபத்துகளிலும் நிகழ்ந்தது ஒன்றே. முன்னால் சென்ற வாகனம் நின்றுவிட்டதைப் பின்னால் வந்தவர் அறியவில்லை. அறிந்தபோது நேரம் கடந்துவிட்டது. பார்வைத் தொலைவு 50 மீட்டருக்கும் குறைந்தால் அதனை மிக அடர்ந்த மூடுபனி என வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை அழுத்தி முழுமையாக நிற்பதற்கு 100 மீட்டருக்கும் அதிகமான தொலைவு தேவை. கண்ணுக்குத் தெரிந்த பின் பிரேக் பிடித்துப் பயனில்லை என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் மூடுபனிச் சூழலில் நேர்ந்த விபத்துகளில் 14,000-க்கும் அதிகமானோர் மாண்டனர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை.

கண்ணால் காண முடியாததை ரேடியோ அலை வழியே அறியச் செய்ய முடியுமா? முடியும் என்பதே மத்திய அரசின் நம்பிக்கை. வாகனங்கள் தமக்குள் நேரடியாகச் செய்தி பரிமாறிக்கொள்ளும் தொழில்நுட்பம் இந்தியச் சாலைகளுக்குக் கொண்டுவரப்படும் என மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2026 ஜனவரியில் அறிவித்தார். இதற்காக 5.875 முதல் 5.905 கிகாஹெர்ட்ஸ் வரையிலான 30 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை வழங்கத் தொலைத்தொடர்புத் துறை கொள்கை அளவில் இசைவு தெரிவித்துள்ளது.

வரவேற்கத்தக்க முடிவுதான். ஆயினும் ரேடியோ அலைகள் சாலையில் எவ்வாறு செல்கின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பதை அறிந்துகொள்ளாமல் இந்தத் திட்டத்தை மதிப்பிட இயலாது. யாருடைய உயிரை இது காக்கும், யாரைக் கைவிடும் என்ற அரசியல் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி இயற்பியலில்தான் இருக்கிறது.

என்ன செய்யும் இந்தக் கருவி?

ஒவ்வொரு வாகனத்திலும் சிறிய ரேடியோ கருவி ஒன்று பொருத்தப்படும். தான் இருக்கும் இடம், வேகம், செல்லும் திசை, பிரேக் அழுத்தப்பட்டுள்ளதா என்னும் விவரங்களை அது விநாடிக்குப் பத்து முறை சுற்றிலும் அறிவித்துக்கொண்டே இருக்கும். சில நூறு மீட்டர் சுற்றளவில் உள்ள மற்ற வாகனங்களின் கருவிகள் அதனைப் பெற்று, மோதும் ஆபத்து இருந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும். இடையில் செல்போன் கோபுரம் தேவையில்லை. கோபுரத்தின் சமிக்ஞை எட்டாத நெடுஞ்சாலையிலும் இது இயங்கும் என்பது இதன் தனிச்சிறப்பு.

வாகனத்தில் ரேடியோ என்பது நமக்குப் புதிதன்று. சுங்கச் சாவடியைக் கடக்கும்போது கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் வில்லையும் ரேடியோ அலையால்தான் இயங்குகிறது. சாவடியிலிருந்து வரும் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையைப் பெற்று, அதன் ஆற்றலைக் கொண்டே தன் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அது சில மீட்டர் தொலைவில், மெதுவாக நகரும் வாகனத்தில் நடக்கும் உரையாடல். இங்கே பேசப்படுவதோ, வேகமாக ஓடும் இரு வாகனங்கள் சில நூறு மீட்டர் இடைவெளியில் நடத்த வேண்டிய உரையாடல். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மூடுபனி ஏன் தடையில்லை?

முதலில் நல்ல செய்தி. மூடுபனியின் நீர்த்துளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுடையது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் அதைவிடவும் சிறியது. எனவே ஒளி ஒவ்வொரு துளியிலும் மோதிச் சிதறிவிடுகிறது. முகப்பு விளக்கைப் பிரகாசமாக எரியவிட்டால் வெண்திரைபோல் கண்ணெதிரே நிற்பது அந்தச் சிதறிய ஒளியே. 5.9 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளமோ சுமார் 5 சென்டிமீட்டர். துளியைப்போல் ஐயாயிரம் மடங்கு பெரியது. அத்தகைய அலைக்கு மூடுபனி ஏறக்குறைய இல்லாததற்குச் சமம். தில்லியின் புகையும் அவ்வாறே.

இதில் இந்தியர் பெருமைப்பட ஒரு வரலாறும் உண்டு. 1895-இல் கொல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், மில்லிமீட்டர் அளவு நீளமுள்ள அலைகளை உண்டாக்கிச் சுவர்களைக் கடந்து செலுத்தி, தொலைவில் மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தை வெடிக்கச் செய்தும் காட்டினார். கண் ஊடுருவ முடியாததை அலை ஊடுருவும் என்பதைப் பொதுமக்கள் முன்னிலையில் மெய்ப்பித்த முன்னோடிச் செய்முறைகளுள் அதுவும் ஒன்று.

லாரி ஏன் தடை?

துளியைப் பொருட்படுத்தாத அலை, இரும்புப் பெட்டியைப் பொருட்படுத்தாமல் செல்ல முடியாது. காருக்கும் காருக்கும் இடையே ஒரு லாரியோ பேருந்தோ வந்துவிட்டால், வந்து சேரும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகவும், சில நிலைகளில் நூறில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். அலைநீளம் குறையக் குறைய, தடைகளின் விளிம்பில் வளைந்து மறுபுறம் செல்லும் திறனும் குறையும் என்பது இயற்பியலின் அடிப்படை விதி. இரு வாகனங்கள் 200 மீட்டர் இடைவெளியில் இருந்தால், அவற்றுக்கிடையே உள்ள நேர்க்கோட்டைச் சுற்றி நடுவழியில் சுமார் ஒன்றரை மீட்டர் ஆரத்துக்கு வெளி தடையின்றி இருந்தால்தான் அலை முழுமையாகச் செல்லும். கண்ணுக்குக் கண் தெரிந்தால் மட்டும் போதாது.

தொலைவும் ஒரு சிக்கல். வெட்டவெளியில் தொலைவு இரு மடங்கானால் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். சாலையிலோ, நேராக வரும் அலையுடன் தார்ச்சாலையில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்துகொள்கிறது. சில இடங்களில் இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தும். சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். கார்க் கூரையின் உயரத்தில் ஆன்டெனா இருக்கும்போது, ஏறத்தாழ 200 மீட்டரைத் தாண்டிய பிறகு இழப்பு இன்னும் விரைவாகும். அதற்கு மேல் தொலைவு இரு மடங்கானால் ஆற்றல் பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

வேகம் மூன்றாவது சிக்கல். எதிரெதிராக 100 கி.மீ. வேகத்தில் வரும் இரு வாகனங்களுக்கிடையே அலையின் அதிர்வெண் விநாடிக்குச் சுமார் 1,100 அதிர்வுகள் இடம்பெயர்ந்துவிடும். நம்மைக் கடந்து செல்லும் ரயிலின் ஊதல் ஒலி மாறிக் கேட்பது போன்றதே இது. 5.9 கிகாஹெர்ட்ஸில் இது சிறிய எண்தான். ஆனால் மேம்பாலத் தூண்கள், தடுப்புச் சுவர்கள், அருகில் செல்லும் வாகனங்கள் ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் எதிரொலிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் இடம்பெயர்ந்து வந்து கலக்கின்றன. செய்தி ஒன்று முடிவதற்குள் அது வரும் பாதையின் தன்மையே மாறிவிடக்கூடும். வீட்டு வைஃபை முறையிலிருந்து வாகனங்களுக்கான முறையை வகுத்தவர்கள், ஒவ்வொரு குறியீட்டின் நேரத்தையும் இரு மடங்காக நீட்டியது தாமதமாக வரும் எதிரொலிகளைச் சமாளிக்கத்தான்.

நெரிசலில் என்ன ஆகும்?

விரைவுச் சாலையைவிடக் கடினமான சோதனைக்களம் தில்லி நகரமே. ஐ.டி.ஓ. சந்திப்பிலோ ஆசிரமம் சந்திப்பிலோ மாலை வேளையில் சில நூறு மீட்டருக்குள் எத்தனை வாகனங்கள் நிற்கின்றன என்பதைப் பார்த்தவர்கள் அறிவர். ஒரு செய்தியை அனுப்ப அரை மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 200 வாகனங்கள் விநாடிக்குப் பத்து முறை பேசினாலே ஓர் அலைவரிசையின் முழு நேரமும் தீர்ந்துவிடும். நெரிசலுக்கேற்பப் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் வழிமுறைகள் உள்ளன. ஆயினும் 30 மெகாஹெர்ட்ஸ் என்பது தாராளமான ஒதுக்கீடன்று என்பதை மறக்கலாகாது.

அண்டை வீட்டாரின் தொல்லையும் உண்டு. இந்த அலைக்கற்றைக்குக் கீழே 5.725 முதல் 5.875 கிகாஹெர்ட்ஸ் வரை உரிமமின்றி எவரும் பயன்படுத்த 2018-இல் அனுமதிக்கப்பட்டது. மேலே 5.925 முதல் 6.425 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை வைஃபை கருவிகளுக்குத் திறந்துவிடும் வரைவு விதிகளை 2025-இல் மத்திய அரசு வெளியிட்டது. இருபுறமும் வைஃபை, நடுவில் உயிர்காக்கும் செய்தி. சீனாவின் ஷென்ஜென் நகரில் 2012 நவம்பரில் பயணிகள் கையில் வைத்திருந்த வைஃபை கருவிகளின் குறுக்கீட்டால் மெட்ரோ ரயில்கள் வழியில் நின்றுபோனதை இங்கு நினைவுகூர வேண்டும்.

ரயில் கற்றுத்தரும் பாடம்

நகரும் வாகனத்துடன் ரேடியோ மூலம் பேசுவதில் நமக்கு அனுபவமே இல்லை என்று கூற முடியாது. 2020-இல் தேசிய அளவிலான ரயில் பாதுகாப்பு முறையாக ஏற்கப்பட்ட ‘கவச்’, 400 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் அமைந்த ரேடியோ அலைகளின் மூலம் என்ஜினையும் நிலையத்தையும் பேச வைக்கிறது. ஓட்டுநர் சிவப்பு விளக்கைத் தாண்ட முற்பட்டால் பிரேக் தானாக அழுத்தப்படும். 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவின் பாலசோர் அருகே சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு ரயில் விபத்துக்குள்ளானபோதுதான் இந்தப் பெயர் தமிழக மக்களுக்கு நன்கு அறிமுகமாயிற்று. அந்தத் தடத்தில் அப்போது கவச் இல்லை. அதே வேளையில், தவறாக இணைக்கப்பட்ட சிக்னல் சுற்றே அந்த விபத்துக்கு மூலகாரணம் என்பதால், எந்த ரேடியோ கருவியும் எல்லா விபத்துகளையும் தடுத்துவிடாது என்ற பாடத்தையும் அது விட்டுச் சென்றது.

2025 ஜூலையில் தில்லி-மும்பை வழித்தடத்தின் மதுரா-கோட்டா பகுதியில் கவச்சின் நான்காவது பதிப்பு நடைமுறைக்கு வந்தது. ரயில்வேயின் தகவல் தொடர்புக்கென 700 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் 5 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்க 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தில்லி-மீரட் இடையேயான ‘நமோ பாரத்’ ரயில்கள் மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஓடும்போது சிக்னல் தகவல்களைப் பெறுவது எல்.டி.இ. தொழில்நுட்பத்தின் வழியேதான்.

ரயிலில் இது கைகூடியதற்குக் காரணங்கள் உள்ளன. தண்டவாளம் இடம் மாறுவதில்லை. கோபுரத்தைச் சுமார் 40 மீட்டர் உயரத்தில் அமைக்கலாம். எங்கே அலை நலிகிறது என்பதை முன்கூட்டியே அளந்து, அங்கே கூடுதல் கருவி வைக்கலாம். அலைநீளமும் அதிகம். சாலையில் இவற்றில் எதுவும் இல்லை. பேசும் இரு முனைகளும் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கின்றன, இரண்டும் ஓடுகின்றன, இடையில் எது வரும் என்பது எவருக்கும் தெரியாது. ரயிலுக்கு அளந்து திட்டமிட்டதைவிடப் பன்மடங்கு கவனமாகச் சாலைக்கு அளக்க வேண்டும்.

உலக நாடுகளின் தடுமாற்றம்

அமெரிக்கா 1999-இலேயே 5.9 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் 75 மெகாஹெர்ட்ஸை வாகனங்களுக்கு ஒதுக்கியது. 2016 இறுதியில் எல்லாப் புதிய கார்களிலும் கருவியைக் கட்டாயமாக்கும் முன்மொழிவு வெளியிடப்பட்டது. அது நிறைவேறாமலே 2023-இல் கைவிடப்பட்டது. இதற்கிடையே, இருபது ஆண்டுகளாகப் பெரிதும் பயன்படவில்லை என்று காரணம் காட்டி, ஒதுக்கிய 75-இல் 45 மெகாஹெர்ட்ஸை 2020 நவம்பரில் வைஃபைக்கு மாற்றிவிட்டனர். பாதுகாப்புக்கென ஒதுக்கிய அலைக்கற்றையைப் பயன்படுத்தத் தாமதித்தால் சந்தை அதனைப் பறித்துக்கொள்ளும் என்பதற்கு இது சான்று.

ஐரோப்பா 2008-இல் 5.875 முதல் 5.905 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை ஒதுக்கியது. இந்தியா இப்போது தேர்ந்திருப்பதும் அதுவே. ஜப்பான் வேறு பாதையிலும் சென்றது. கட்டட மூலைகளில் வளைந்து செல்லும் திறன் மிகுந்தது என்பதால் 760 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தெரிவு செய்து, 2015 முதல் கார்களில் பயன்படுத்தி வருகிறது. குறுகலான தெருக்களும் மறைவான சந்திப்புகளும் நிறைந்த நாட்டுக்கு அது பொருத்தமான முடிவு. நம் நகரங்களும் அத்தகையவையே என்பதை இங்கே கருத வேண்டும்.

யாருக்குப் பாதுகாப்பு?

2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள், 19.5 சதவீதத்தினர் பாதசாரிகள். அவ்வாண்டு 64,105 விபத்துகளுடன் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் தமிழ்நாடு. 17,884 உயிர்களை அது இழந்தது. மாண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் காரில் இருந்தவர்கள் அல்லர், இருசக்கர வாகனத்திலோ நடந்தோ சென்றவர்கள் என்ற உண்மையை மனதில் கொண்டே எந்தத் தொழில்நுட்பத்தையும் எடைபோட வேண்டும்.

வாகனங்கள் பேசிக்கொள்ளும் முறைக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. இரு வாகனங்களிலும் கருவி இருந்தால்தான் பயன். பத்து வாகனங்களில் ஒன்றில் மட்டும் கருவி இருக்குமானால், தற்செயலாகச் சந்திக்கும் இரு வாகனங்களும் பேசிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றில் ஒன்றே. புதிய கார்களில் மட்டும் கட்டாயமாக்கினால், பழைய லாரியும், மோட்டார் சைக்கிளும், ஆட்டோவும் பல ஆண்டுகளுக்கு ஊமையாகவே இருக்கும். லாரியில் கருவி இல்லையெனில், அது தானும் பேசாது. தனக்குப் பின்னால் வருபவருக்கு முன்னால் உள்ளவரின் செய்தி போய்ச் சேரவும் விடாது. மாறாக, உயரமான லாரியின் கூரையில் கருவி பொருத்தினால், இன்று தடையாக நிற்கும் அதே லாரி செய்தியைக் கடத்தித் தரும் கோபுரமாக மாறக்கூடும். எனவே கட்டாயமாக்குவதைக் கனரக வாகனங்களிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

இருசக்கர வாகனத்துக்கு வேறு வகைச் சோதனை. அங்கே கூரை இல்லை. ஓட்டுபவரின் உடலும் பின்னால் அமர்பவரின் உடலுமே அலையை உறிஞ்சித் தடுக்கும். ஆன்டெனாவை எங்கே வைப்பது, எவ்வளவு தொலைவு எட்டும் என்பதை நம் சாலைகளில் நம் வாகனங்களைக் கொண்டு அளந்தே முடிவு செய்ய முடியும். ஐரோப்பியச் சாலைகளில் கார்களுக்கு எடுத்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்வது இங்கே பொருந்தாது.

அளவுகோலை நாமே வகுக்க முடியும்

அப்படி வகுத்த முன்னுதாரணமும் நம்மிடம் உண்டு. ஐந்தாம் தலைமுறை செல்போன் முறைக்கான உலக அளவுகோலில் கிராமப்புறக் கோபுரங்களுக்கிடையே 1.7 கி.மீ. இடைவெளியே கணக்கில் கொள்ளப்பட்டிருந்தது. இந்தியக் கிராமங்களின் நிலை அதுவன்று என்று சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட இந்திய ஆய்வு நிறுவனங்கள் வாதிட்டன. 6 கி.மீ. இடைவெளியையும் சோதனை அளவாகச் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. நம் நிலத்தின் தன்மையை அளந்து சொன்னதால் உலக அளவுகோலே திருத்தப்பட்டது. சாலை அலைகளுக்கும் இத்தகைய முயற்சி இப்போதே தொடங்க வேண்டும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. அலைக்கற்றை என்ற சொல்லைக் கேட்டாலே 2ஜி வழக்கும், 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் ரத்து செய்ததும் தமிழக வாசகர்களின் நினைவுக்கு வரும். அதன்பின் ஏலமே பொதுவான வழி என்றாயிற்று. ஆனால் 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், சாலை, ரயில், மெட்ரோ ஆகியவற்றின் பாதுகாப்புக்கும் இயக்கத்துக்கும் ஏலமின்றி நிர்வாக முறையில் அலைக்கற்றை வழங்க இடமளிக்கிறது. ஆகவே உயிர்காக்கும் செய்திக்கு விலை வைக்க வேண்டிய அவசியம் எழவில்லை. அவ்வாறு இலவசமாக அளிக்கப்படும் பொதுச் சொத்து, பின்னர் வணிகச் சேவைகளுக்குத் திருப்பிவிடப்படாமல் காப்பதே நாடாளுமன்றத்தின் கடமை.

தனிமனித உரிமை சார்ந்த கவலையும் புறக்கணிக்கத்தக்கதன்று. விநாடிக்குப் பத்து முறை தன் இருப்பிடத்தை அறிவிக்கும் வாகனம், தன் உரிமையாளரின் நடமாட்டத்தையும் அறிவித்துவிடக்கூடும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்துள்ளது. வாகனத்தின் அடையாளத்தை அடிக்கடி மாற்றிக்கொள்ளும் மின்னணுச் சான்றிதழ் முறை உலகில் ஏற்கெனவே வகுக்கப்பட்டுள்ளது. பொய்ச் செய்தியைப் பரப்பி வாகனங்களைத் திடுமென நிறுத்தச் செய்யும் விஷமத்தைத் தடுக்கவும் அத்தகைய சான்றிதழ் இன்றியமையாதது. அந்தச் சான்றிதழ்களை வழங்கும் அமைப்பு யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கும் என்பது விதிகளிலேயே தெளிவுபடுத்தப்பட வேண்டும்.

மூடுபனியைத் துளைத்துச் செல்லும் ஆற்றல் ரேடியோ அலைக்கு இயற்கை தந்தது. லாரியின் பின்னால் மறைந்து வரும் மோட்டார் சைக்கிளையும் அது எட்ட வேண்டுமானால், விதிகளை எழுதும் முன் சாலையை அளக்க வேண்டும். கட்டாயமாக்கும்போது லாரியையும் பேருந்தையும் இருசக்கர வாகனத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புதிய கார் வாங்குவோருக்கு மட்டும் கிடைக்கும் எச்சரிக்கை ஒலி, யமுனை விரைவுச் சாலையில் நள்ளிரவுப் பேருந்தில் உறங்கியபடி வரும் தொழிலாளியைக் காப்பாற்றாது.